கல்லூரி மாறினால் களம் இறங்கலாமா?

1896 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே ஓர் உதைபந்தாட்டம் நடைபெற்றது. உதைபந்தாட்டம் என்றதும் நம் வாசகர் நினைக்கும் ஆட்டம் அன்று அது. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி, எதிரணியினரை முட்டி மோதி முன்னேறும் அமெரிக்க ஆட்டம். தொடர்ந்து 36 ஆட்டங்களில் வென்றுவந்த பென்சில்வேனியா சர்வகலாசாலையை அன்று லபாயெற் கல்லூரி 6–4 என்ற கணக்கில் வீழ்த்தியது. வென்ற அணியிலே பீல்டிங் யோஸ்ட் என்றொருவர் ஆடினார். அவர் மேற்கு வேர்ஜீனியா சர்வகலாசாலையின் சட்ட மாணவர். ஆட்டத்துக்குச் சற்று முன்னரே லபாயெற் கல்லூரியிற் சேர்ந்தார். அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் ஆடினார். இரு வாரங்களுக்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார். அங்கேயே சட்டப் பட்டமும் பெற்றார். லபாயெற் கல்லூரிக்கு அவர் வந்தது படிக்கவா, ஆடவா என்று நாம் கேட்கவேண்டியதில்லை.

இவ்வாறு கல்லூரிக்குக் கல்லூரி தாவி ஆடியவர்களை அமெரிக்கர் 'நாடோடி வீரர்' என்று அழைத்தனர். அவர்களுக்குக் கடிவாளம் இட வேண்டும் என்ற குரல் எழுந்த காலத்திலேயே, ஆட்டத்தின் முரட்டுத்தனத்தால் இளைஞர் பலர் உயிரிழக்கும் கொடுமையும் நாட்டை உலுக்கியது. 1905 இல் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் பெரிய சர்வகலாசாலைகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டிலே கல்லூரிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. 1910 முதல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி என்.சி.ஏ.ஏ. என்பர்.

காலப்போக்கில் வேரூன்றிய விதிகளுள் ஒன்று, கல்லூரி மாறும் வீரர் புதிய கல்லூரியிலே ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பது. அந்த ஆண்டில் அவர் வகுப்புக்குச் செல்லலாம். அணியுடன் பயிற்சி செய்யலாம். போட்டியில் மட்டும் இறங்கலாகாது. ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பதே நெடுங்காலம் நிலவிய கணக்காதலால், காத்திருக்கும் ஆண்டு அந்த ஐந்தில் ஒன்றை விழுங்கிவிடும்.

இவ்விதிக்கு இரு நியாயங்கள் கூறப்பட்டன. ஒரு கல்லூரி வளர்த்த வீரரை மற்றொரு கல்லூரி ஆசை காட்டி அபகரிப்பதைத் தடுத்தல் ஒன்று. புதிய இடத்துக்கு வந்த மாணவன் முதலிலே படிப்பில் நிலைகொள்ள அவகாசம் அளித்தல் மற்றொன்று. இரண்டும் நல்ல நியாயங்களே. ஆயினும் நடைமுறையைப் பார்த்தவர்களுக்கு ஐயம் எழுந்தது. ஓராண்டுத் தடை முழு வன்மையுடன் நின்றது ஐந்து விளையாட்டுகளிலேதான்: அமெரிக்க உதைபந்தாட்டம், ஆண்கள் கூடைப்பந்தாட்டம், பெண்கள் கூடைப்பந்தாட்டம், பேஸ்போல், ஆண்கள் பனி ஹொக்கி. நீச்சல் வீரரும் ஓட்ட வீரரும் ஒருமுறை கல்லூரி மாறி உடனே போட்டியிடச் சலுகை இருந்தது. காத்திருத்தல் படிப்புக்கு நன்மையாயின், நீச்சல் வீரருக்கு அந்நன்மை வேண்டாமா? அன்றியும், மாணவனை அழைத்துவந்த பயிற்றுநர் கூடிய சம்பளத்துக்கு வேறு சர்வகலாசாலை சென்றால், அடுத்த நாளே அங்கே பயிற்சி அளிக்கலாம். காத்திருக்கும் கடமை மாணவனுக்கு மட்டுமே.

விதியின் கடுமை எவ்வளவு என்பதற்கு பேக்கர் மேபீல்ட் என்பவரின் வரலாறு சான்று. 2013 இல் புலமைப்பரிசில் எதுவுமின்றி டெக்ஸாஸ் டெக் சர்வகலாசாலைக்கு ஆடிய அவர், 2014 இல் ஒக்லஹோமா சர்வகலாசாலைக்கு மாறினார். ஓராண்டு வெளியே இருந்தார். இரு சர்வகலாசாலைகளும் அப்போது 'பிக் 12' என்ற ஒரே போட்டிக் குழுவைச் சேர்ந்திருந்தன. குழுவுக்குள் மாறுவோர் ஆடும் பருவம் ஒன்றையும் இழக்க வேண்டும் என்று அக்குழுவின் தனி விதி கூறிற்று. காத்திருந்ததோடு பருவமும் போயிற்று. 2016 ஜூன் மாதத்தில் அவ்விதியைத் தளர்த்தும் பிரேரணை முதலில் தோற்றது. மறுநாள் திருத்தத்துடன் நிறைவேறியது. அவ்வாறு மீண்ட 2017 ஆம் ஆண்டுப் பருவத்திலேதான், கல்லூரி உதைபந்தாட்டத்தின் தலையாய பரிசான ஹெயிஸ்மன் விருதை அவர் வென்றார். அந்த வாக்கெடுப்பு வேறு விதமாய் முடிந்திருப்பின் அப்பருவமே அவருக்கு இல்லை.

பட்டம் பெற்றபின் மாறுவோருக்கு மட்டும் வழி திறந்திருந்தது. ஜோ பரோ என்பவர் ஒஹையோ மாநில சர்வகலாசாலையில் மூன்றே ஆண்டுகளில் பட்டம் முடித்தார். 2018 இல் லூசியானா மாநில சர்வகலாசாலைக்குச் சென்று காத்திராமலே ஆடினார். 2019 இல் ஹெயிஸ்மன் விருதைப் பெற்று, அப்பருவத்தில் தோல்வியே அறியாத தம் அணிக்குத் தேசிய வெற்றியும் தேடித் தந்தார். படிப்பை முடித்ததே அவருக்குத் திறவுகோலாயிற்று.

பின்னர் அணை படிப்படியாக உடைந்தது. முன்னாளில் எந்தக் கல்லூரி தம்முடன் பேசலாம் என்பதற்குக்கூடப் பழைய கல்லூரியின் அனுமதியை வீரர் பெறவேண்டியிருந்தது. 2018 ஒக்டோபரில் 'ட்ரான்ஸ்பர் போர்ட்டல்' எனப்படும் மின்னியல் இடமாற்றப் பதிவேடு வந்தபின் அறிவித்தலே போதுமாயிற்று. 2021 இல் எல்லா விளையாட்டினரும் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றாயிற்று. இரண்டாம் முறை மாறுவோர் நிலை என்ன? யோஸ்ட் சட்டம் பயின்ற அதே மேற்கு வேர்ஜீனியாவிலிருந்தே இவ்வினாவுக்கு விடை வந்தது. அங்குக் கூடைப்பந்தாட வந்த ரேக்வான் பட்டில் என்பவருக்கு அது மூன்றாவது சர்வகலாசாலை. அவருடைய முன்னைய பயிற்றுநரோ வேறிடத்துக்குப் போய்விட்டார். வீரரின் விலக்குக் கோரிக்கையைச் சங்கம் நிராகரித்தது. ஏழு மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. 2023 டிசெம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் ஓராண்டு விதிக்கு இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. 2024 ஏப்ரலில் சங்கமே விதியை மாற்றி, எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று ஏற்றது.

ஆனால் அந்த இணக்கத்துடன் ஒரு நிபந்தனையும் இருந்தது. மாறுபவர் பழைய கல்லூரியைப் படிப்பில் தகுதி இழக்காது விட்டுவர வேண்டும். புதிய இடத்திலும் பட்டத்தை நோக்கிய முன்னேற்றம் காட்ட வேண்டும். சங்கத்தின் அளவுகோல், இரண்டாம் ஆண்டின் முடிவில் பட்டத்துக்குரிய பாடங்களில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டின் முடிவில் 60, நான்காம் ஆண்டின் முடிவில் 80 நிறைவுற வேண்டும் என்பது.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஒரு கல்லூரியிற் பயின்ற பாடத்தை மற்றொரு கல்லூரி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விளையாட்டு வீரரை மட்டுமன்றி எல்லா மாணவரையும் எடுத்து ஆராய்ந்த அமெரிக்க மத்திய அரசின் கணக்காய்வு அலுவலகம், 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியோர் தாம் ஈட்டிய பாடப் புள்ளிகளில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்ததாக 2017 இல் மதிப்பிட்டது. ஒருமுறை மாறுவோருக்கே இந்நிலையாயின், மூன்று நான்கு முறை மாறுவோர் எங்ஙனம் பட்டம் பெறுவர்? பதிவேட்டில் பெயர் கொடுத்தவரின் புலமைப்பரிசிலை அந்தத் தவணை முடிவில் பழைய கல்லூரி நிறுத்திவிடவும் கூடும். அழைப்பு வாராது நடுவில் நிற்போரும் உளர்.

இவற்றுக்கெல்லாம் மேலாகப் பணத்தின் இழுப்பு வேறு. 2021 ஜூலை முதல் வீரர் தம் பெயராலும் புகழாலும் பொருளீட்டலாம் என்றாயிற்று. 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, 2025-26 ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி தன் வீரருக்கு 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை நேராகவே வழங்க இடமுண்டாயிற்று. கூடுதலாகத் தருவார் அழைக்கும்போது பாடப் புள்ளியை எண்ணிப் பார்க்கும் இளைஞர் எத்தனை பேர்?

பழைய தடை நீதியற்றது என்றே நாம் கருதுகிறோம். பயிற்றுநருக்கு இல்லாத விலங்கை மாணவனுக்கு மட்டும் பூட்டியது முறையன்று. ஆனால் விலங்கை அகற்றியதனால் மட்டும் வழி தெரிந்துவிடாது. முன்னர் சங்கம் மாணவனைக் காக்க வைத்தது. இனி மாணவன் தன்னைத் தானே காக்க வேண்டியிருக்கிறது. அழைப்பு வரும்போது, 'எத்தனை டொலர்? எத்தனை ஆட்டம்?' என்று கேட்பதற்கு முன்னர், 'நான் படித்து முடித்த பாடங்களில் எத்தனை அங்கே செல்லும்?' என்று கேட்பவனே புத்திசாலி. அதற்குரிய விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுமாறு அவன் பெற்றோர் வற்புறுத்துதல் நலம். ஆடும் பருவங்கள் நான்கோ ஐந்தோதான். அவை கழிந்தபின் வாழவேண்டிய ஆண்டுகள் நாற்பதுக்கும் மேல். அந்நெடும் வழிக்குத் துணையாவது எது என்பதை இளமையிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும்.