சர்க்கரை நோயுள்ள பிள்ளையின் பாதத்தைப் பார்த்தீங்களா?

உங்கள் பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை நோயா? இன்சுலின் போடுகிறீர்கள், குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவும் பார்க்கிறீர்கள். பாதத்தைப் பார்த்தீங்களா?

ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் நரம்புகள் பழுதாகும். காலுக்குப் போகும் நரம்புகளே மிக நீளமானவை. அதனால் பாதிப்பு பெரும்பாலும் கால்விரலில்தான் தொடங்கும். மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி வரலாம். ஆனால், ஆரம்பத்தில் பல பிள்ளைகளுக்கு எதுவுமே தெரியாது. பாபநாசத்திலோ குறுக்குத்துறையிலோ ஆற்றங்கரையில் வெறுங்காலில் ஓடும்போது முள் குத்தினாலும், உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு வலிக்காது. புண் பெரிதான பிறகுதான் நம் கண்ணில் படும்.

பயப்பட வேண்டாம். 1993-இல் வெளியான அமெரிக்க–கனடா ஆய்வில், சர்க்கரையைக் கவனமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது.

என்ன செய்யணும்?

- 11 வயதாகி, நோய் வந்து 2 முதல் 5 ஆண்டுகள் ஆகிவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை நரம்புப் பரிசோதனை கேளுங்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், அதிர்வுக் கருவியை வைத்தும் பார்ப்பார்கள். ஊசி கிடையாது, வலிக்காது.
- பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை அணுகலாம். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் போடுங்க, கட்டணம் இல்லை.
- மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி முடிவுகளை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
- தினமும் ராத்திரி, விரலிடுக்கு உட்பட இரண்டு பாதத்தையும் பாருங்க. ஆற்றுக்குப் போனாலும் செருப்பு அவசியம்.