குட்டி ரயிலுக்குக் குறைந்த செலவில் ஜல்லி

ரயிலில் ஊருக்குப் போகும்போது என்ஜினைப் பார்க்கிறோம்; பாலங்களைப் பார்க்கிறோம்; தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் கருங்கல் ஜல்லியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. மாதிரி ரயில் அமைக்கும் மாணவ நண்பர்கள் பலரும் அப்படித்தான். கையிலுள்ள பணத்தை என்ஜினுக்கும் பெட்டிகளுக்கும் செலவிட்டுவிட்டு, வெறும் பலகைமேல் தண்டவாளத்தை ஆணியடித்து வைத்துவிடுகின்றனர். வெளிநாட்டு ஜல்லிப் பொட்டலத்தின் விலையைக் கேட்டதும், விடுதி மாணவனுக்கு எட்டாத பொழுதுபோக்கு இது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அந்த முடிவு தவறு. கல்லுடைக்கும் கிரஷரில் விழும் தூளிலிருந்து அருமையான ஜல்லியை நாமே செய்துகொள்ளலாம். அதற்கு வேண்டுவன கொஞ்சம் கணக்கும் நிறையப் பொறுமையுமே.

முதலில், உண்மையான ஜல்லியின் வேலை என்ன என்று காண்போம். வண்டியின் பாரத்தைக் குறுக்குக் கட்டைகளிடமிருந்து வாங்கி, மண்மேல் பரவலாக இறக்குவது அதுவே. மழைநீரை வடியவிடுவதும், தண்டவாளம் நழுவாமல் இறுக்கிப் பிடிப்பதும் அதன் வேலைகளே. இவற்றுக்குக் கூர்முனையுள்ள உடைகல்தான் ஏற்றது. ஒன்றின் மூலை மற்றொன்றின் இடுக்கில் பொருந்திக் கொள்ளும். கூழாங்கல் உருண்டு ஓடிவிடும். ஆற்றுமணல் நம் மாதிரிக்கு ஏன் பொருந்தாது என்பதற்கும் இதுவே விடை. அதன் மணிகள் நீரில் உருண்டு தேய்ந்தவை. கடல்மணலில் உப்பும் சேர்ந்திருப்பதால் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நம் நாட்டு ரயில் பாதையின் ஜல்லி சுமார் 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். 'எச்.ஓ.' என்னும் மாதிரி அளவில் எல்லாம் 87-இல் ஒரு பங்காகக் குறைகிறது. வகுத்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய மணி சுமார் கால் மில்லிமீட்டர் முதல் முக்கால் மில்லிமீட்டர் வரை. ஏறக்குறைய ரவையின் பருமன். அதைவிடச் சிறிய 'என்' அளவில், 160-இல் ஒரு பங்கு என்பதால், 0.4 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. மணி பெரிதாகிவிட்டால் தண்டவாளத்தினிடையே பாறாங்கற்கள் கிடப்பதுபோல் தோன்றும்.

ரவையையே தூவிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். பசைநீர் பட்டதும் அது ஊதிப்போகும். பிறகு எறும்பும் பூஞ்சணமும் வரும். கல்லுக்குக் கல்தான் ஈடு. வீடு கட்டுமிடத்தில் கேட்டால் ஒரு படி கல்தூளோ எம்-சாண்டோ தருவார்கள். ஒரு மீட்டர் பாதைக்கு 100 கன சென்டிமீட்டர், அதாவது ஒரு சிறு தம்ளர், போதும். கல்லின் நிறமும் ஊரைச் சொல்லும். மகாராஷ்டிரப் பாதை என்றால் எரிமலைக் குழம்பு உறைந்த கரும் பசால்ட். சென்னைப் பக்கம் என்றால் பல்லாவரத்தில் கிடைப்பது போன்ற நீலச்சாயலுள்ள சார்னோகைட். கல்கத்தாவில் யோப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இவ்வகை என்பதால் வந்த பெயர் அது. என்ஜின் கொட்டகைப் பகுதிக்கு மட்டும் சலித்த நிலக்கரிச் சாம்பலைச் சேர்க்கலாம்.

ஆனால் உண்மையான ரயில் பாதையில் இறங்கிக் கல் பொறுக்கவே வேண்டாம். உயிருக்கு ஆபத்து, 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி குற்றமுமாகும்.

கல்தூளை உலர்ந்த நிலையில் சலிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் என்னும் தீராத நோய் வரும். கல்லுடைக்கும் தொழிலாளர் பலரை அழித்த நோய் அது. ஆகவே முதலில் வாளி நீரில் கொட்டிக் கலக்கி, கலங்கிய நீரை மண்ணில் கொட்டிவிட வேண்டும். நீர் தெளியும்வரை இப்படிச் செய்து, பழைய செய்தித்தாளில் பரப்பி வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு மூக்கையும் வாயையும் மூடும் நல்ல கவசம் அணிந்து, திறந்த வெளியில், ரவை சல்லடையில் சலித்துப் பெருமணியை நீக்குக. விழுந்ததை மாவு சல்லடையில் இட்டு நுண்தூளைக் கழிக்க, மேலே நிற்பதே நம் ஜல்லி. அளவு சரியா என்று கிராப் தாளில் தூவிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்க் கட்டத்தை எந்த மணியும் முழுதாக மறைக்கலாகாது. கடைசியாக, காகிதம் சுற்றிய காந்தத்தை அதில் துழாவுக. ஒட்டிவரும் இரும்புத் துகளை விட்டுவைத்தால் அது என்ஜினின் மோட்டாருக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும்.

இனி ஓர் ஐயம் எழலாம். உண்மைப் பாதையில் பசையில்லையே, நமக்கு மட்டும் ஏன்? நீளம் 87-இல் ஒரு பங்கானால், எடை 6,58,503-இல் ஒரு பங்காகிறது. 50 மில்லிமீட்டர்ப் பருமனுள்ள கனசதுரக் கருங்கல் சுமார் 330 கிராம். நம் மணியோ அரை மில்லிகிராம். வடிவம் குறைந்த அளவிலேயே எடையும் குறைவதில்லை. தன் எடையால் நின்ற கல் இங்கே ஒரு மூச்சுக்கே பறந்துவிடும். ஆகவே பசை வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஜல்லியைத் தூவி, மெல்லிய தூரிகையால் கட்டைகளின் மேற்புறத்தைத் துடையுங்கள். தண்டவாளத்தின் உட்புறத்தில் ஒரு மணியும் ஒட்டியிருக்கலாகாது. அங்கேதான் சக்கரத்தின் விளிம்பு ஓடுகிறது. பிறகு ஓரிரு துளி சோப்புக் கலந்த நீரைத் தெளித்து நனைக்கவும். இன்றேல் பசை மேலே முத்து முத்தாக உருளும். அதன்பின் ஒரு பங்கு சாதாரண வெள்ளைப் பசையில் மூன்று பங்கு நீர் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாதை பிரியும் பாயிண்டுகளின் அசையும் பாகங்களுக்கு அருகே பசை வேண்டவே வேண்டாம். ஓரிரவு காயவிட்டுத் தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் வண்டி ஓடத் தயார்.

ஆண்டு முடிவில் விடுதி அறையைக் காலிசெய்யும் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. இப்பசை வெந்நீரில் இளகும். தண்டவாளத்தைச் சேதமின்றி எடுத்துக்கொண்டு அடுத்த அறையில் மீண்டும் அமைக்கலாம். ஜல்லியையும் கழுவி எடுத்துக்கொள்ளலாம். காசு குறைவென்று கைவிட்டுவிடாமல், ஒரு மீட்டர் பாதையை இந்த விடுமுறையிலேயே போட்டுப் பாருங்கள்!