கட்டணச் சீட்டில் ஒரு வரி: கப்பல் எரிபொருளும் கந்தகமும்

தாராவியின் பட்டறைகளில் தைக்கப்படும் தோல் பைகளும் பணப்பைகளும் அயல்நாட்டுக்குச் செல்லும்போது, பெரும்பாலும் நவாஷேவாவில் உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில்தான் கப்பல் ஏறுகின்றன. அவற்றை அனுப்பும் வணிகருக்குக் கப்பல் முகவரிடமிருந்து வரும் கட்டணச் சீட்டில் சரக்குக் கட்டணம், துறைமுகக் கையாளுகைக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று வரிசையாகப் பல வரிகள் இருக்கும். 2020ஆம் ஆண்டு முதல் அவற்றுள் ஒன்று பலரையும் புருவம் உயர்த்த வைத்தது. ஒரு நிறுவனம் அதை எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று குறிப்பிடும். மற்றொன்று ‘லோ சல்ஃபர் சர்சார்ஜ்’ என்று எழுதும். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. கப்பல் முன்பைவிடத் தூய்மையான எண்ணெயை எரிக்கிறது. அதன் விலையில் ஒரு பங்கைச் சரக்கு அனுப்புபவர் ஏற்க வேண்டும்.

அந்தத் தொகை எதற்காக வசூலிக்கப்படுகிறது, அதனால் மும்பையின் காற்றுக்கு என்ன கிடைத்திருக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்பவற்றை வாடிக்கையாளர்கள் அறிந்திருப்பது பயனுடையது.

கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலையில் காய்ச்சிப் பிரிக்கும்போது எரிவாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவை அடுத்தடுத்து வெளியேறுகின்றன. இறுதியில் அடியில் தங்குவது தார் போன்ற கறுத்த எச்சம். கச்சா எண்ணெயிலுள்ள கந்தகத்தின் பெரும்பகுதி இந்த எச்சத்தில்தான் செறிகிறது. சாலை வாகனத்துக்கு உதவாத இந்த மலிவான எண்ணெயே பல பத்தாண்டுகளாகக் கப்பல்களின் உணவு. சாதாரண வெப்பநிலையில் அது சரிவர ஓடக்கூட ஓடாது. நூறு பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிய பிறகே எஞ்சினுக்குள் செலுத்த முடியும். எரியும்போது அதிலுள்ள கந்தகம் ஆக்சிசனுடன் சேர்ந்து கந்தக டை ஆக்சைடாகிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பகுதி எஞ்சினுக்குள்ளேயே கந்தக அமிலமாக மாறி உலோகத்தை அரிக்கும். ஆகவே எஞ்சின் உருளைகளுக்கு அமிலத்தை முறிக்கும் காரத்தன்மையுள்ள தனி மசகெண்ணெய் இடுவது கப்பல் பொறியாளர்களின் அன்றாட வழக்கம். தம் எஞ்சினைக் காத்துக்கொள்ள அவர்களுக்கு வழி தெரிந்திருந்தது. கரையில் மூச்சுவிடுபவர்களுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

கணக்கு எளிது. கந்தகம் எரிந்தால் அதன் எடையைப்போல் இரு மடங்கு கந்தக டை ஆக்சைடு உண்டாகும். 3.50 விழுக்காடு கந்தகமுள்ள ஒரு டன் எண்ணெயில் 35 கிலோ கந்தகம் இருக்கிறது. அதிலிருந்து வெளிவருவது 70 கிலோ கந்தக டை ஆக்சைடு. 0.50 விழுக்காடு எனில் 10 கிலோ. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்கு மட்டுமே. ஒரு டன்னுக்கு 20 கிராம் கந்தக டை ஆக்சைடு. அதாவது, இப்போதைய விதிக்கு முழுமையாக உட்பட்ட கப்பல் எண்ணெய்கூட, நம் தெருவில் ஓடும் டெம்போவின் டீசலைப்போல் 500 மடங்கு கந்தகத்தைக் கொண்டிருக்கலாம். பழைய வரம்பில் அது 3,500 மடங்கு.

இவ்வளவு பெரிய வேறுபாட்டை உலகம் நெடுங்காலம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், கப்பல்கள் ஆளில்லாக் கடலில் புகைக்கின்றன என்ற எண்ணம். அது பாதி மட்டுமே உண்மை. கப்பல் வழித்தடங்கள் பெரும்பாலும் கரையை ஒட்டியே செல்கின்றன. சரக்கேற்றவும் இறக்கவும் கப்பல்கள் நகரங்களின் வாசலிலேயே நிற்கின்றன. கந்தக டை ஆக்சைடு வாயுவாகவே இருந்துவிடுவதும் இல்லை. காற்றில் அது சல்பேட் என்னும் மிக நுண்ணிய துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நுரையீரலின் ஆழம்வரை செல்கிறது. ஜேம்ஸ் கார்பெட் முதலானோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, கப்பல் புகையின் துகள்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இதய, நுரையீரல் நோய்களுக்கு அகாலமாகப் பலியாகின்றனர் என்று மதிப்பிட்டது. ஐரோப்பா, கிழக்காசியா ஆகியவற்றின் கடலோரங்களோடு தெற்காசியக் கடலோரமும் அதில் முன்னணியில் இடம்பெற்றிருந்தது.

கப்பல்களால் உண்டாகும் மாசைக் கட்டுப்படுத்தும் மார்போல் உடன்படிக்கையில் காற்று மாசு குறித்த ஆறாவது இணைப்பு 1997இல் ஏற்கப்பட்டு 2005 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. தொடக்க வரம்பு 4.50 விழுக்காடு. 2012இல் அது 3.50 ஆயிற்று. 0.50 என்ற இலக்கு 2008இலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அது 2020இலா 2025இலா என்பது திறந்தே விடப்பட்டிருந்தது. 2025 வரை காத்திருந்தால் அந்த ஐந்தாண்டுகளில் உலகெங்கும் 5,70,000க்கு மேற்பட்ட கூடுதல் அகால மரணங்கள் நேரும் என்ற மதிப்பீட்டைப் பின்லாந்து 2016இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் முன் வைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் 2020 ஜனவரி 1 என்ற நாள் உறுதியாயிற்று. இந்தியாவும் இந்த இணைப்பில் சேர்ந்த நாடு. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் இதனை இங்கே நடைமுறைப்படுத்துகிறது.

நடுக்கடலில் எந்தத் தொட்டியிலிருந்து எந்த எண்ணெய் எரிகிறது என்று யார் பார்ப்பது? இதற்கும் ஒரு விடை காணப்பட்டது. 2020 மார்ச் 1 முதல், புகையைக் கழுவும் கருவி இல்லாத கப்பல், வரம்பை மீறிய எண்ணெயைத் தன் எஞ்சினுக்கென வைத்திருப்பதே குற்றம். எண்ணெய் நிரப்பும்போது தரப்படும் சீட்டைக் கப்பலில் மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். முத்திரையிட்ட மாதிரிக் குப்பியைக் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும். துறைமுக ஆய்வாளர் கேட்டால் இரண்டையும் காட்டியாக வேண்டும்.

கப்பல் உரிமையாளருக்கு இரு பெருவழிகள் திறந்திருந்தன. ஒன்று, குறைந்த கந்தக எண்ணெய்க்கு மாறுவது. அதற்குச் சுத்திகரிப்பு ஆலையில் உயர் அழுத்தத்தில் வினையூக்கியின் துணையுடன் ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தைப் பிரிக்க வேண்டும். அல்லது கந்தகம் குறைந்த கச்சா எண்ணெயைத் தேர்ந்தெடுத்துக் கலக்க வேண்டும். பிரிந்த கந்தகம் வீணாவதில்லை. மஞ்சள் திடப்பொருளாக அது உரத்துக்கும் கந்தக அமிலத்துக்கும் ரப்பருக்கும் செல்கிறது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டியதும் அதே கந்தகம்தான். நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்தவர்களுக்குக் கோவில்பட்டித் தீப்பெட்டியையும் சிவகாசிப் பட்டாசையும் பற்றி விளக்க வேண்டியதில்லை.

மற்றொரு வழி, பழைய மலிவான எண்ணெயையே எரித்து, புகையைக் கடல்நீரால் கழுவுவது. கடல்நீரில் இயல்பாகவே உள்ள காரத்தன்மை அமிலப் புகையை முறிக்கும். செம்பூர் வாசிகளுக்கு இது அயலான தொழில்நுட்பம் அன்று. டாடா பவர் நிறுவனத்தின் டிராம்பே அனல்மின் நிலையத்தில் 1980களின் இறுதியிலேயே கடல்நீரால் புகையைக் கழுவும் அமைப்பு நிறுவப்பட்டது. இவ்வகையில் அது உலகின் முன்னோடிகளுள் ஒன்று. கப்பலில் பொருத்தும் ‘ஸ்கிரப்பர்’ அதன் சிறிய உறவினர் எனலாம். ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. திறந்த சுற்று வகைக் கருவி, கழுவிய நீரை அப்படியே கடலில் விடுகிறது. அமிலத்தோடு எண்ணெய்க் கரியின் நச்சுப் பொருள்களும் உலோகங்களும் அதில் கலந்திருக்கின்றன. காற்றிலிருந்து எடுத்ததைத் தண்ணீருக்கு மாற்றும் இந்த ஏற்பாட்டைச் சிங்கப்பூர் தன் துறைமுக நீரில் 2020 ஜனவரி 1 முதலே தடை செய்தது.

இனி பணத்துக்கு வருவோம். 2020 ஜனவரித் தொடக்கத்தில் சிங்கப்பூர்ச் சந்தையில் குறைந்த கந்தக எண்ணெய்க்கும் பழைய எண்ணெய்க்கும் இடையிலான விலை வேறுபாடு டன்னுக்கு 300 டாலரைத் தாண்டியது. இதை ஒரு பைக்கு எவ்வளவு என்று பகுத்துப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காக, 20 அடிப் பெட்டகங்கள் 8,000 கொண்ட ஒரு கப்பல் நாளொன்றுக்கு 100 டன் எண்ணெய் எரித்து 20 நாட்களில் ஐரோப்பாவை அடைகிறது என்று கொள்வோம். மொத்தம் 2,000 டன். கூடுதல் செலவு 6,00,000 டாலர். ஒரு பெட்டகத்துக்கு 75 டாலர். டாலர் ஏறத்தாழ 71 ரூபாயாக இருந்த அந்நாளில் இது சுமார் 5,300 ரூபாய். அந்தப் பெட்டகத்தில் 4,000 தோல் பைகள் அடுக்கப்பட்டிருந்தால், பை ஒன்றுக்கு விழுவது ஒரு ரூபாய் முப்பது காசை ஒட்டிய தொகை.

ஒரு பைக்கு ஒன்றேகால் ரூபாய் என்பது தாங்கக்கூடியதே. அனுப்புபவருக்கு இடர் தந்தது தொகையின் அளவைவிட அதன் நிலையாமை. கொரோனா முடக்கத்தின்போது எண்ணெய் விலை சரிந்து, அந்த 300 டாலர் வேறுபாடு சில மாதங்களிலேயே 100 டாலருக்குக் கீழ் இறங்கியது. கூடுதல் கட்டணமும் அதே வேகத்தில் இறங்கியதா என்பதைத் தம் பழைய சீட்டுகளை எடுத்துப் பார்ப்பவர் தாமே அறியலாம். எஃப்.ஓ.பி. முறையில் விற்பவருக்குக் கடல் கட்டணம் வாங்குபவரின் பொறுப்பு, சி.ஐ.எஃப். முறையில் அது விற்பவரின் தலையில் விழுகிறது. இரண்டாம் முறையில் மாதக்கணக்கில் முன்னதாக விலை சொல்லிக் கடன் உறுதிக் கடிதம் பெறுபவர்கள், எரிபொருள் கட்டணம் எந்த எண்ணெயின் விலையோடு பிணைக்கப்பட்டுள்ளது, எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை திருத்தப்படும் என்ற இரண்டையும் முகவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

காற்றுக்குக் கிடைத்தது என்ன? கப்பல்களின் கந்தக ஆக்சைடு வெளியீடு உலக அளவில் 77 விழுக்காடு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 85 இலட்சம் டன் குறையும் என்பது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் கணிப்பு. வரம்பு ஏழில் ஒரு பங்காகியும் வெளியீடு அந்த அளவுக்குக் குறையாததற்குக் காரணம், முன்பு உண்மையில் எரிக்கப்பட்ட எண்ணெயின் கந்தகம் சராசரியாக 2.5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ஒரு விசித்திரமான பக்கவிளைவும் உண்டு. சல்பேட் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி, கடல்மேல் மேகங்களை வெளுப்பாக்கிப் புவியைச் சிறிது குளிர்வித்துவந்தன. அவை குறைந்ததும் அந்தக் குளிர்ச்சியும் குறைந்தது. எவ்வளவு என்பதில் அறிவியலாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக மக்களின் நுரையீரலைக் குடையாக்க வேண்டும் என்று யாரும் வாதிடுவதில்லை.

மும்பையைப் பொறுத்தவரை நிலை சற்றுச் சிக்கலானது. நகரின் கிழக்குக் கரை முழுவதும் துறைமுகமே. கச்சா எண்ணெய்க் கப்பல்கள் ஜவஹர் தீவில் நின்று, கடலடிக் குழாய் வழியே மாகுலிலுள்ள இரு சுத்திகரிப்பு ஆலைகளுக்கு எண்ணெய் அனுப்புகின்றன. 1954, 1955ஆம் ஆண்டுகளில் தொடங்கிய ஆலைகள் அவை. பக்கத்திலேயே பீர்பாவில் வேதிப்பொருள் கப்பல்கள் அணைகின்றன. அருகே உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம். கந்தகத்தைப் பிரிக்கும் ஆலையும் அதை எரிக்கும் கப்பலும் செம்பூரின் ஒரே பக்கத்தில் உள்ளன. மேற்கே சில கிலோமீட்டர் தள்ளித் தாராவியும் மாட்டுங்காவும். குளிர்கால இரவுகளில் காற்று தளர்ந்து நிலத்திலிருந்து மெல்ல வீசும்போது, எந்தப் புகை எந்தக் கூடத்தினுடையது என்று மூக்கால் பிரித்தறிய முடியாது.

நம் நாட்டின் தரநிலைப்படி 24 மணி நேரச் சராசரியில் கந்தக டை ஆக்சைடு ஒரு கன மீட்டர் காற்றில் 80 மைக்ரோகிராமுக்கு மிகக் கூடாது. உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்த அளவு 40. மும்பையில் வாயுவாக அளக்கப்படும் கந்தக டை ஆக்சைடு பெரும்பாலும் தேசியத் தரநிலைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் துகளாக மாறிய பங்கு அந்தக் கணக்கில் வராது. அது நுண்துகள் கணக்கில் சேர்ந்துவிடும். மும்பையின் நோவு அங்கேதான்.

கரையோரத்தில் நிற்கும் கப்பல் விளக்குகளுக்கும் எண்ணெயிறைக்கும் பம்புகளுக்கும் குளிர்பதனப் பெட்டகங்களுக்கும் தன் துணை எஞ்சின்களை ஓட்டிக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்கு 5 டன் எரித்தால், 0.50 வரம்பில் 50 கிலோ கந்தக டை ஆக்சைடு. ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகங்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் கப்பல் 0.10 விழுக்காட்டு எண்ணெயே எரிக்க வேண்டும் என்பது 2010 முதலே விதி. அங்கு அதே கப்பல் வெளிவிடுவது 10 கிலோ. பால்டிக் கடல், வடகடல், வட அமெரிக்கக் கரை ஆகிய சிறப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 0.10 வரம்பு 2015இல் வந்தது. 2025 மே 1 முதல் மத்தியதரைக் கடலும் அதில் சேர்ந்தது. நவாஷேவாவில் 0.50 விழுக்காட்டு எண்ணெயை எரித்துக்கொண்டு புறப்படும் கப்பல், மத்தியதரைக் கடலுக்குள் நுழையுமுன் தொட்டியை மாற்றிக்கொள்கிறது. தூய்மையான எண்ணெய் அதே கப்பலில்தான் இருக்கிறது. இங்கே எரிக்கக் கட்டாயம் இல்லை. இந்தியக் கடற்கரைக்கு அத்தகைய சிறப்புப் பகுதி இதுவரை இல்லை. துறைமுகத்தில் நிற்கும் நேரத்துக்கு மட்டுமாவது 0.10 என்ற விதியைக் கொண்டுவருவது, பெருங்கட்டுமானம் எதுவுமின்றிச் செய்யக்கூடியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மற்றொரு தீர்வு கரை மின்சாரம்: கப்பல் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்கம்பி இழுத்துக்கொள்வது. மத்திய துறைமுகத் துறை 2023 மே மாதம் வெளியிட்ட ‘ஹரித் சாகர்’ பசுமைத் துறைமுக வழிகாட்டுதல்கள் இதனை ஊக்குவிக்கின்றன. கப்பலிலும் கரையிலும் பொருத்தமான இணைப்புகள் வேண்டும். மின்னழுத்தமும் அலைவெண்ணும் ஒத்துப்போக வேண்டும். மும்பைக்கு இதில் தனியாக ஒரு கேள்வி உண்டு. நகரின் மின்சாரத்தில் ஒரு பகுதி டிராம்பேயில் நிலக்கரியை எரித்துப் பெறப்படுகிறது. அந்த மின்சாரத்தைக் கப்பலுக்குக் கொடுத்தால் புகை துறைமுகத்தில் நின்றுவிடும். அதில் ஒரு பங்கு, கழுவப்பட்ட நிலையில், செம்பூரின் புகைபோக்கியில் ஏறும். நீர்மின்சாரமோ சூரிய மின்சாரமோ கொடுத்தால் ஏறாது. எந்த மின்சாரத்தை இணைக்கிறார்கள் என்பதைத் துறைமுக ஒப்பந்தத்திலேயே எழுத முடியும்.