உம்மம்மாவின் வாயும் ஒரு புகைப்படமும்

எங்கள் உம்மம்மாவுக்கு வெற்றிலை இல்லாமல் பொழுது விடியாது. சென்ற வருடம் ஒருநாள் கன்னத்தின் உட்புறம் எரிகிறது என்றார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைத் திட்டு, துடைத்தும் போகவில்லை. கைத்தொலைபேசியில் படமெடுத்து, பல் மருத்துவம் படிக்கும் மச்சிக்கு அனுப்பினேன். "சுணங்காம டொக்டரிட்டக் காட்டுங்க" என்று அரைமணி நேரத்தில் பதில் வந்தது. உம்மம்மா கிளினிக் வாசலை மிதிக்க இரண்டு மாதம் ஆனது.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

இலங்கையில் ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். வெற்றிலை போடும் பெண்களையும் அது விடுவதில்லை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட நூல் உறுதிப்படுத்தியது. ஆனால் இந்நோய் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. முதலில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தோன்றும். அதைக் காண வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். திருவனந்தபுரத்தில் அப்படி வாயைப் பார்த்துச் சோதித்ததாலேயே, புகையிலையோ மதுவோ பாவிப்போரிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என 2005இல் ஓர் ஆய்வு காட்டியது.

கிராமத்தில் யார் பார்ப்பது? இதற்கு நமது நாட்டிலேயே விடை தேடியிருக்கிறார்கள். பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் குழுவினரும் கிராம சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 20,000க்கும் மேற்பட்டோரின் வாய்களைச் சோதிக்கச் செய்தனர். 1984இல் வெளியான அந்த ஆய்வில் என்னைத் தைத்தது ஒரு செய்தி: மேற்பரிசோதனைக்கு வரச்சொன்னவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரே வந்தார்கள். மற்றப் பாதியில் எத்தனை உம்மம்மாக்களோ!

இங்கேதான் தொலைபேசி உதவுகிறது. பெங்களூரில் பயோகொன் அறக்கட்டளை முன்னெடுத்த திட்டத்தில், களப்பணியாளர் வாயைப் படமெடுத்து, வயது, பழக்கம் முதலிய விபரங்களோடு அனுப்புவார். தூரத்திலிருக்கும் நிபுணர் பார்த்து, யார் நேரில் வரவேண்டும் என்று சொல்வார். வீணான பயணம் குறைகிறது. பெயர் பதிவிலிருப்பதால் வராதவரைத் தேடி அழைக்கவும் முடிகிறது. படத்தைவிட இந்த அழைப்புத்தான் பெரிது என்பேன்.

சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பதையோ, சத்திரசிகிச்சையையோ, கதிர்வீச்சையோ தொலைபேசி செய்யாது. அவற்றுக்கு மட்டக்களப்புக்கோ, ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து மகரகமைக்கோ போகத்தான் வேண்டும். ஆனால் சிகிச்சை முடிந்தபின் வலி எப்படி, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று விசாரிக்க, நோயாளியை மீண்டும் அந்த பஸ்ஸில் ஏற்றத் தேவையில்லை. வீடியோ அழைப்பே போதுமான நாட்கள் உண்டு.

இன்னொன்று. படம் வைத்தியருக்கும் நோயாளிக்கும் உரியது. நான் பதற்றத்தில் அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டேன். "என்ட வாய ஊருக்கே காட்டிட்டாய்" என்று உம்மம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கிளினிக்குக்குப் போக மறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் தவணைக்குத் தவணை காட்டவேண்டும். அடுத்த திகதி என் தொலைபேசியில் அலாரமாக இருக்கிறது. புகையிலையை விட்டுவிட்டார். பாக்கை மட்டும் இன்னும் ஒளித்து வைக்கிறார். இடம் எனக்குத் தெரியும்.