வடிகால் இல்லாத மூளை

தஞ்சாவூர்ப் பக்கம் பல வீடுகளில் இப்போது கேட்கும் கேள்வி இது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் இடுப்பு ஒடிந்த அம்மா, நள்ளிரவுவரை லேப்டாப்பை மூடாத மகனிடம் கேட்கிறார்: “ஒக்காந்த எடத்துலதானேடா வேல பாக்குற, அப்புறம் என்ன அசதி?” 2024 செப்டம்பரில் தஞ்சையில் மினி டைடல் பார்க் என்ற ஐ.டி. பூங்கா திறந்தாயிற்று. அடுத்த ஜனவரியில், வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியனின் பேச்சு நாடெங்கும் விவாதமானது. அம்மாவுக்கு ஒழுங்கான பதில் சொல்லியாக வேண்டும்.

மூளையில் ‘சக்தி தீர்ந்துவிட்டது’ என்கிறோம். ஆனால், தீவிரமாக யோசிக்கும்போது மூளை செலவிடும் ஆற்றல், சும்மா இருக்கும்போது செலவிடுவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அப்படியென்றால் அசதி எங்கிருந்து வருகிறது? 2022இல் பாரிஸில் அந்தோனியஸ் வீலர், மத்தியாஸ் பெசிக்லியோன் குழுவினர் 40 பேரை ஆறு மணி நேரத்துக்கும் மேல் கணினித் திரை முன் உட்காரவைத்தார்கள். சிலருக்கு எளிய பயிற்சி. மற்றவர்களுக்கு, முன்னால் போன எழுத்துகளை நினைவில் வைத்து ஒப்பிடும் கடினமான பயிற்சி. கடினமானதைச் செய்தவர்களின் மூளையின் முன்பகுதிப் பக்கவாட்டில் குளூட்டமேட் கூடியிருந்தது. காத்திருந்தால் கிடைக்கும் பெரிய தொகையை விட்டுவிட்டு, உடனே கிடைக்கும் சின்னத் தொகையை நாடுவதும் அவர்களிடம் அதிகரித்தது.

குளூட்டமேட் ஏதோ கழிவு அல்ல. ஒரு நரம்பு செல் அடுத்ததைத் தட்டி எழுப்பப் பயன்படுத்தும் முக்கிய வேதிப்பொருளே அதுதான். அது வெளியே கொட்டிய பிறகு நடப்பதுதான் அழகு. செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை உடனே அள்ளியாக வேண்டும். இல்லையென்றால் பழைய செய்திக்கும் புதியதற்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்திலேயே ஆஸ்ட்ரோசைட் என்ற செல் காத்திருக்கிறது. ஒரு குளூட்டமேட்டுடன் மூன்று சோடியம் அயனிகளையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. குளூட்டமேட்டைச் சாதுவான குளூட்டமைனாக மாற்றி, நரம்பு செல்லுக்கே திருப்பிக் கொடுக்கிறது. அங்கே அது மறுபடி குளூட்டமேட் ஆகிறது. உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளத் தனியாக ஆற்றல் வேண்டும். நாம் ஒரு வரி படித்து முடிப்பதற்குள் இது எண்ணற்ற இடங்களில் நடந்து முடிகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அள்ளுவது தாமதித்தால் என்ன ஆகும் என்பது டெல்டாக்காரர்களுக்கு எளிதில் புரியும். பாசன வாய்க்கால் போலவே வடிகாலும் வயலுக்கு உயிர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா மூழ்கினால், விடிவதற்குள் மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டிவிடுவார்கள். வடிவாய்க்காலில் வெங்காயத்தாமரை அடைத்து, அங்கேயும் வயல்மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒரு சொட்டும் வடியாது. வெளித்தண்ணீர் உள்ளே ஏறுவதும் உண்டு. தண்ணீரிலேயே வளரும் நெல்லும் நாள்கணக்கில் முழுக மூழ்கிக் கிடந்தால் அழுகிப்போகும். சாயங்காலம் லேப்டாப்பை மூடுவது வரப்பை வெட்டுவது. இரவு பத்து மணிக்கு மேலாளர் வாட்ஸ்அப்பில் ‘அர்ஜென்ட்’ என்று போடுவது, வெளித்தண்ணீர் ஏறுவது. புதிதாகச் சேர்ந்த ஊழியர் கடைமடை வயல். மேலே வடித்துவிட்டதெல்லாம் அவர் தலையில்தான் வந்து நிற்கும். தன் வரப்பை மட்டும் வெட்டி அவர் தப்பிக்க முடியாது. வடிவாய்க்காலை ஊர்தான் தூர்வார வேண்டும்.

பாரிஸ் ஆய்வைக் காட்டி யாராவது மாத்திரை விற்க வந்தால் வாங்காதீர்கள். குளூட்டமேட் தேக்கம் அசதிக்குக் காரணமா, அசதியோடு கூடவே வருவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒருநாள் அசதி வேறு, பர்ன்அவுட் வேறு. 2019இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை நோயாக அறிவித்துவிட்டதாகச் செய்திகள் பறந்தன. ஆனால், அந்த நிறுவனம் நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தின் தீராத நெருக்கடியால் ஏற்படும் பணிசார் நிலை என்றது. வேர் பணியிடத்தில் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் தியான வகுப்பு நடத்திவிட்டு மற்ற நாளெல்லாம் பதினான்கு மணி நேரம் வேலை வாங்குவது மோசடி. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம், 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. 90 மணி நேரத்தைப் பரிந்துரைப்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லட்டும்.

வேலை நேரத்துக்கு வரம்பு கேட்பது புதிதல்ல. எட்டு மணி நேர வேலைக்கான சர்வதேச உடன்படிக்கை 1919இல் வந்தது. தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியது 1923இல்.

அந்தக் கொண்டாட்டத்தின் நூற்றாண்டில்தான், 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும், திரும்பப் பெறுவதாக மே 1 அன்று முதல்வர் அறிவித்தார். எதிர்த்தால் தடுக்க முடிகிறது. கேட்டால் பெறவும் முடியும். வேலை நேரம் முடிந்த பின் வரும் அழைப்புக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமையை ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே மக்களவையில் இதே உரிமை கேட்டு எம்.பி. சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. அதற்காக டெல்லியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கடைகள், நிறுவனங்கள் சட்டம் மாநிலத்தின் சட்டம். நாளெல்லாம் நின்று வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் திருத்தப்பட்டதும் அதே சட்டம்தான். இரவு அழைப்பை எடுக்காத ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்று அதில் இன்னொரு பிரிவைச் சேர்க்கச் சட்டமன்றத்தின் ஒரு கூட்டத்தொடர் போதும்.