காரின் தலையில் எத்தனை கிலோ?



விடுமுறை வந்துவிட்டால் சாலையெங்கும் ஊருக்குப் புறப்படும் கார்களைப் பார்க்கலாம். உள்ளே ஆட்கள், டிக்கியில் பைகள். அதிலும் இடம் போதாமல் கூரை மேல் சூட்கேஸ், படுக்கை, தண்ணீர்க் கேன், குட்டித் தம்பியின் மூன்று சக்கர சைக்கிள்! இப்படிச் சுமை ஏற்றுவதற்காகக் கூரையில் பொருத்தும் சட்டத்தை நம் ஊரில் ‘கேரியர்’ என்கிறோம்.

கேரியரைப் பொருத்தி, பெட்டிகளை ஏற்றி, கயிற்றால் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கூரையில் சுமை ஏறியதும் அதே கார் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வளைவில் திரும்புவது, பிரேக் பிடிப்பது, பெட்ரோல் குடிப்பது எல்லாமே மாறிவிடும். ஏன் என்று பார்ப்போமா?

கூரையைப் பிடிப்பது எப்படி?

1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரான அம்பாசிடர் காரை உங்கள் தாத்தாவுக்கு நன்றாகத் தெரியும். அதன் கூரை ஓரத்தில் மழைநீர் வழிந்தோட ஒரு சிறிய வாய்க்கால் போன்ற விளிம்பு இருக்கும். கேரியரின் கால்கள் அந்த விளிம்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

இன்றைய பெரும்பாலான கார்களில் அந்த விளிம்பு இல்லை. ஆகவே கதவுச் சட்டத்தை இறுகப் பிடிக்கும் கவ்விகளாலோ, கூரையின் இருபுறமும் நீளவாக்கில் உள்ள தண்டுகளிலோ குறுக்குக் கம்பிகளைப் பொருத்துகிறார்கள். குறுக்குக் கம்பிகளின் மேல் திறந்த கேரியரை வைக்கலாம். அல்லது கவிழ்த்த படகு போல இருக்கும் மூடிய லக்கேஜ் பெட்டியை வைக்கலாம். மூடிய பெட்டியில் மழை, தூசி பற்றிய கவலை குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில கார்களின் கூரையில் தெரியும் தண்டுகள் வெறும் அழகுக்காக ஒட்டப்பட்டவை. அவற்றில் சுமையைக் கட்டினால் ஓடும்போது பிய்த்துக்கொண்டு வந்துவிடும். உங்கள் கார்த் தண்டு எந்த வகை என்பது காருடன் தந்த கையேட்டில் இருக்கும். கட்டுவதற்கு முன் அதைப் படிப்பது அவசியம்.

ஒரு சின்னக் கணக்கு

கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பதும் அதே கையேட்டில் இருக்கும். பல குடும்பக் கார்களுக்கு இந்த அளவு 50 கிலோ முதல் 100 கிலோவுக்குள் இருக்கிறது. இதில் கேரியரின் எடையும் பெட்டியின் எடையும் சேர்த்திதான்!

உதாரணமாக, ஒரு காரின் கூரை அளவு 75 கிலோ. குறுக்குக் கம்பிகள் 5 கிலோ, லக்கேஜ் பெட்டி 15 கிலோ. மீதி எவ்வளவு? 55 கிலோ. அவ்வளவுதான் உள்ளே வைக்கலாம். கம்பிகளுக்கும் பெட்டிக்கும் தனித்தனி அளவு குறித்திருப்பார்கள். கூரை, கம்பி, பெட்டி ஆகிய மூன்றில் எதன் அளவு முதலில் நிரம்புகிறதோ, அங்கே நிறுத்திவிட வேண்டும்.

ஆட்கள், டிக்கிச் சாமான், கூரைச் சுமை எல்லாம் சேர்ந்து கார் தாங்கும் மொத்த எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. கூரையில் இடம் இருக்கிறதே என்று அந்த வரம்பைத் தாண்டக் கூடாது.

கனம் கீழே, லேசானது மேலே

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக எடுத்துக்கொள்ளும் இடத்தை ‘ஈர்ப்பு மையம்’ என்று அறிவியல் பாடத்தில் படிப்பீர்கள். அது தாழ்வாக இருந்தால் பொருள் உறுதியாக நிற்கும். உயர்ந்தால் எளிதில் சாயும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் ரகசியமும் அடியில் இருக்கும் கனம்தானே?

கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் காரின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்குகிறது. நேர்ச் சாலையில் அது தெரியாது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய வளைவுகளில் கார் வெளிப்பக்கமாகச் சாய முற்படும். கூரையில் கனம் இருந்தால் அந்தச் சாய்வு இன்னும் அதிகமாகும்.

கார் செய்பவர்களுக்கே இது சவாலான விஷயம். 1997-ல் ஸ்வீடன் நாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்று புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரைச் சோதித்தது. சாலையில் திடீரென்று மான் குறுக்கே வந்தால் எப்படி ஒடித்துத் திருப்பி விலக வேண்டுமோ, அப்படி ஓட்டிப் பார்க்கும் சோதனை அது. நீளம் குறைவாகவும் உயரம் அதிகமாகவும் இருந்த அந்தக் கார் கவிழ்ந்துவிட்டது! பிறகு அந்த நிறுவனம் காரின் அடிப்பகுதி அமைப்பைத் திருத்தி, சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியையும் பொருத்தியது.

ஆகவே 20 லிட்டர் தண்ணீர்க் கேன், அரிசி மூட்டை, புத்தகப் பெட்டி போன்ற கனமானவை டிக்கியின் அடியில்தான் இருக்க வேண்டும். அந்தக் கேனின் தண்ணீர் மட்டுமே 20 கிலோ ஆயிற்றே! தலையணை, போர்வை, துணிப்பை போன்ற லேசான பொருள்கள் கூரைக்குப் போகட்டும்.

செய்து பாருங்கள்

தேவை: காலித் தீப்பெட்டி, மூன்று ஒரு ரூபாய் நாணயங்கள், காகிதம், அட்டை போட்ட நோட்டு, ஸ்கேல், பசை நாடா.

தீப்பெட்டியின் ஒரு முனையில் நாணயங்களை வைத்து, அவை நகராதபடி மீதி இடத்தில் காகிதத்தைத் திணித்து மூடுங்கள். நோட்டு அட்டையின் மேல் ஸ்கேலைப் படுக்கவைத்து ஒட்டுங்கள். நாணயமுள்ள முனை கீழே இருக்கும்படி தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் அகன்ற பக்கம் ஸ்கேலைத் தொடட்டும். இப்போது ஸ்கேல் தாழ்வாக இருக்கும்படி நோட்டின் மறுபக்கத்தை மெல்லத் தூக்குங்கள். எவ்வளவு உயரத்தில் பெட்டி விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நாணயமுள்ள முனை மேலே வரும்படி நிறுத்தி அதையே செய்யுங்கள். இம்முறை மிகச் சீக்கிரம் விழும். அதே பெட்டி, அதே எடைதான். எடை இருக்கும் இடம் மட்டுமே மாறியது.

கண்ணுக்குத் தெரியாத சுவர்

கார் ஓடும்போது காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் உணராத எதிர்ப்பு 80-ல் பெரிய சுவராக நிற்கும். கூரையில் பெட்டி இருந்தால் அந்தச் சுவர் இன்னும் பெரிது.

மழுங்கிய முகப்புள்ள பெரிய கூரைப் பெட்டியால் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் மைலேஜ் நகரத்தில் 2 முதல் 8 சதவீதமும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும் குறையும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் குறிப்பு சொல்கிறது. மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் இந்த இழப்பு 10 முதல் 25 சதவீதம்! ஆகவே பயணம் முடிந்ததும் பெட்டியைக் கழற்றி வைத்துவிடுவதே சிக்கனம்.

பிரேக் போட்டால் பெட்டி எங்கே?

ஓடும் பொருள், வேறு விசை தடுக்காதவரை ஓடிக்கொண்டே இருக்கும். இது நியூட்டன் 1687-ல் வெளியிட்ட நூலில் கூறிய முதல் விதி. கார் நின்றாலும் கூரையில் இருக்கும் பெட்டி நிற்க விரும்பாது! ஓட்டுநர் அவசரமாக பிரேக் போட்டால், 20 கிலோ சூட்கேஸ் ஏறக்குறைய 15 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னோக்கிப் பாயப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது கட்டிய வார் ஒன்றுதான். அது அறுந்தால் பெட்டி சாலையில் விழும். பின்னால் பைக்கில் வருபவரின் கதி என்ன? யோசித்துப் பாருங்கள்.

எனவே மேலிருந்து அமுக்கும்படி மட்டும் கட்டினால் போதாது. முன்னும் பின்னும் நகராதபடியும் கட்ட வேண்டும். இழுத்தால் நீளும் ரப்பர் கயிற்றை மட்டும் நம்பக் கூடாது. தொங்கும் வார் நுனி, படபடக்கும் தார்ப்பாய் மூலை எல்லாவற்றையும் செருகிவிட வேண்டும். தட்டையான வார் காற்றில் அதிர்ந்து ‘உய்ங்’ என்று சத்தம் போட்டால், அதற்கு ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டினால் அடங்கிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியவை

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பையையும் எடை போட்டு, ஒரு தாளில் எழுதிக் கூட்டிச் சொல்லுங்கள்.

சுமையோடு சேர்த்துக் காரின் உயரத்தை டேப்பால் அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். தாழ்வான வாகன நிறுத்தங்களில் நுழையும்போது உதவும்.

முழுச் சுமைக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று கையேட்டில் தேடிப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.

புறப்பட்டுச் சிறிது தூரம் போனதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, வார்களை இழுத்துப் பார்க்க நினைவூட்டுங்கள். குலுங்கலில் சாமான் அமுங்கி, கட்டு தளர்ந்திருக்கும்.

எந்தக் காரணத்துக்காகவும் வண்டியின் கூரை மேல் நீங்கள் ஏறிப் பயணம் செய்யாதீர்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி. ஒரு காரின் கூரை அளவு 60 கிலோ. கேரியர் 12 கிலோ. தலா 14 கிலோ எடையுள்ள நான்கு சூட்கேஸ்களை அப்பா மேலே ஏற்றப் போகிறார். எத்தனை ஏற்றலாம்? மீதியை என்ன செய்யலாம்? விடையை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகச் சொல்லுங்கள். பயணம் இனிதாகட்டும்!