நஞ்சுக்கொடி கேட்கும் சர்க்கரை

ஏழாம் மாதத்தில் நம் வீடுகளில் வளைகாப்பு வைப்பார்கள். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று கலந்த சாதங்கள் வரிசையாக வரும். ஏறக்குறைய அதே சமயத்தில் ஆஸ்பத்திரியிலும் ஒரு டம்ளரை நீட்டுவார்கள். 300 மில்லி தண்ணீரில் கரைத்த 75 கிராம் குளுக்கோஸ். என் தங்கைக்கு அது வந்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். அடியில் கரையாமல் கிடந்த தூளை நர்சு ஸ்பூனால் இன்னும் இரண்டு சுற்று கலக்கிக் கொடுத்தார். "அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள மெதுவா குடிச்சு முடிங்கம்மா. அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டீங்கன்னா நாளைக்கு மறுபடி வரணும்." முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தாள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 146 என்று வந்தது. 140 வந்தாலே கர்ப்பகால நீரிழிவு என்று கணக்கு.

"நான் இனிப்பையே தொடறதில்லையே அக்கா" என்றாள். ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவள்போல இருந்தது அவள் குரல். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனேன். பதில் அவள் தட்டில் இல்லை, வயிற்றுக்குள் இருந்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் உடலில் ஓடுவது சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சர்க்கரை. அதாவது தலை முதல் கால் வரை ஓடும் ரத்தம் முழுவதிலும் இருப்பது ஒரே ஒரு டீஸ்பூன் சர்க்கரை! அந்த டம்ளரில் இருந்ததோ அதைப்போலப் பதினைந்து மடங்கு. அவ்வளவையும் உள்ளே விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்தில் பழைய டீஸ்பூன் அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது உடல். இதைச் செய்வது கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள். இன்சுலினைச் சுரப்பவை இவைதான். கணையம் முழுவதிலும் சிதறிக் கிடக்கும் இவற்றை எல்லாம் சேர்த்து நிறுத்தால் ஒரு கிராம் தேறும். தங்கம் நிறுக்கும் குன்றிமணியில் ஏழெட்டு மணி எடை.

இந்த ஏழெட்டு மணி எடைக்குக் கர்ப்பத்தில் ஒரு பெரும் சோதனை வருகிறது. சோதிப்பது நஞ்சுக்கொடி. அது தாயின் உறுப்பு என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் அதன் பெரும்பகுதி குழந்தையைச் சேர்ந்தது. கருமுட்டையிலிருந்து குழந்தை உருவாகும்போதே அதுவும் உடன் உருவாகிறது. பிரசவ நேரத்தில் அதன் எடை அரைக் கிலோதான். ஆனால் அதற்குள் கிளைத்து நிற்கும் நுண்விரல்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் தரையை மூடிவிடும். அந்தப் பரப்பின் ஒரு பக்கம் தாயின் ரத்தம், மறுபக்கம் குழந்தையின் ரத்தம். இரண்டும் கலப்பதில்லை. தேவையானவை இடையே கடந்து போகின்றன.

நஞ்சுக்கொடி ஹார்மோன்களையும் சுரக்கிறது. அவற்றில் ஒன்றின் பெயர் நஞ்சுக்கொடி லாக்டோஜன். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இது நாளொன்றுக்கு ஒரு கிராமோ அதற்கு மேலோ சுரக்கிறது. மற்ற ஹார்மோன்களை மைக்ரோகிராமிலும் மில்லிகிராமிலும் அளக்கும்போது, இதைத் தராசில் வைத்து நிறுக்கலாம். இதுவும் இதன் கூட்டாளிகளும் தாயின் தசைக்கும் கொழுப்புக்கும் சொல்லும் செய்தி ஒன்றுதான்: இன்சுலின் வந்து தட்டினாலும் கதவைச் சட்டென்று திறக்காதே. மருத்துவர்கள் இதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கடைசி மாதங்களில் தாயின் உடல் இன்சுலினுக்குக் காட்டும் இணக்கம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

ஏன் இப்படி? தாயின் செல்கள் சர்க்கரையை உடனே விழுங்கிவிட்டால் குழந்தைக்கு என்ன மிஞ்சும்? தாயிடம் கொழுப்பை எரித்து வாழச் சொல்லிவிட்டு, சர்க்கரையைச் சற்று நேரம் கூடுதலாக ரத்தத்தில் மிதக்க விடுகிறது நஞ்சுக்கொடி. அந்த நேரத்தில் குழந்தை தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. எனவே கர்ப்பிணியின் ரத்தத்தில் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை கொஞ்சம் உயர்வது நோயே இல்லை. குழந்தைக்கான பந்தி அது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கதவை இறுக்கும் அதே லாக்டோஜன், தாயின் பீட்டா செல்களிடம் போய், "பெருகுங்கள், கூடுதலாகச் சுரந்துகொள்ளுங்கள்" என்றும் தூண்டுகிறது. தேவையைக் கூட்டுவதும் அதற்கு ஈடு கட்டச் சொல்வதும் ஒரே ஹார்மோன்தான். கடைசி மாதங்களில் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து தராசை நேராக நிறுத்துகிறது. பெரும்பாலான பெண்களுக்கு இது வெளியே தெரியாமலே நடந்து முடிந்துவிடும். சிலருக்குக் கணையத்தால் அந்த இரண்டு மூன்று மடங்கை எட்ட முடிவதில்லை. அப்போதுதான் டம்ளரைக் குடித்த பிறகு 146 வருகிறது. என் தங்கை ரகசியமாக லட்டு தின்றதாக அதற்கு அர்த்தமில்லை.

அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் கணையம் திணறுகிறது? குடும்பத்தில் நீரிழிவு, வயது, எடை என்று காரணங்கள் உண்டு. இந்தியர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. 2004-ல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் புகைப்படம் வந்தது. ஒருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின், மற்றவர் புணேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக். பார்க்க இருவரும் ஒரே வாகு. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் உடல் நிறை எண் இருவருக்கும் 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் இரண்டு பங்குக்கும் மேல் கொழுப்பு!

இது எங்கே தொடங்குகிறது என்று யாக்னிக் குழு புணேக்குப் பக்கத்தில் ஆறு கிராமங்களில் தேடியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. புணே குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன. முதுகின் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. இவர்களை 'ஒல்லிக்குண்டு' குழந்தைகள் எனலாம். சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய கிடங்கு தசை. அந்தக் கிடங்கு பிறவியிலேயே சிறிதானால், பின்னாளில் சுமை முழுவதும் கணையத்தின் தலையில் விழுகிறது. இதே கிராமங்களில் கர்ப்ப காலத்தில் வைட்டமின் பி12 குறைந்து, ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்குத்தான் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு அதிகம் என்றும் கண்டார்கள். பி12 பாலிலும் முட்டையிலும் மீனிலும் இறைச்சியிலும்தான் கிடைக்கும். ஆக, ஒரு பெண் கருவுற்ற நாளில் அவள் கணையத்துக்கு இருக்கும் வலிமையில் ஒரு பங்கு, அவள் தன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கிடைத்த சாப்பாட்டிலிருந்து வந்தது.

சர்க்கரை கூடினால் குழந்தைக்கு என்ன ஆகும்? நஞ்சுக்கொடியின் வழியே சர்க்கரை தாராளமாகப் போகும். தாயின் இன்சுலின் போகாது. எனவே வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையே தன் கணையத்தை முடுக்குகிறது. இன்சுலின் வயிற்றுக்குள் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனும்கூட. குழந்தை கொழுத்து, தோள் அகன்று வளர்கிறது. 1824-ல் பெர்லினில் பென்னவிட்ஸ் என்ற மருத்துவ மாணவர் இப்படி ஒரு பிரசவத்தை எழுதி வைத்தார். குழந்தை பன்னிரண்டு பவுண்டு, ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. அது பிழைக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் தாயின் சர்க்கரை மறைந்துவிட்டது. ஏன் என்று விளங்க நூறாண்டுக்கு மேல் ஆனது. தாயின் சர்க்கரை, குழந்தையின் இன்சுலின் என்ற இந்தச் சங்கிலியை 1950-களில் கோபன்ஹேகனில் பெடர்சன் என்ற மருத்துவர் கோத்துக் காட்டினார்.

இந்த நீரிழிவைக் கண்டுபிடிப்பதில் சென்னைக்கும் பெரிய பங்கு உண்டு. பழைய முறைப்படி குளுக்கோஸ் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் மசக்கைக்காரியைப் பட்டினியாக வரச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? சென்னையின் நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யாவும் அவர் குழுவினரும், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம், ஒரே ஒரு ரத்த மாதிரி என்று சுருக்கினார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் நடத்திய கணக்கெடுப்பில் நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதக் கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. நகரத்தில் ஆறில் ஒருவருக்கு! இன்று இந்திய அரசின் வழிகாட்டுதலும் அந்த ஒரு டம்ளர்தான். சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10-ஐக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இனி சாப்பாடு. "ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்று பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டியது நாளொன்றுக்கு 350 கலோரி. நான்கு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் போதும். ஆஸ்பத்திரியில் தங்கைக்குச் சொன்ன யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது காலைப் பலகாரத்தை இரண்டாகப் பிரிப்பது. காலையில்தான் இன்சுலின் எதிர்ப்பு உச்சத்தில் இருக்கும். அதனால் நான்கு இட்லியை ஒரே வேளையாக உண்ணாமல் எட்டு மணிக்கு இரண்டு, பத்து மணிக்கு இரண்டு. அதே மாவு, அதே இட்லி. சர்க்கரையின் ஒரு பெரிய அலை இரண்டு சிறிய அலைகளாகிவிடுகிறது. மதியத்தில் முதலில் பொரியலும் முட்டையும், பிறகு சோறு. உண்டபின் மொட்டை மாடியில் கால் மணி நேர நடை. நடக்கும் கால்தசை இன்சுலின் வந்து தட்டுவதற்குக் காத்திருக்காமல் தானே கதவைத் திறந்து சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். நஞ்சுக்கொடியால் இறுக்க முடியாத கதவு அது. பெரும்பாலானவர்களுக்கு உணவும் நடையுமே போதும். இரண்டு வாரத்தில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 120-க்குக் கீழே வராதவர்களுக்கு மருந்தோ இன்சுலினோ தருவார்கள்.

பிரசவ அறையில் நடப்பது இன்னும் ஆச்சரியம். தொப்புள்கொடியை நறுக்கிய கணத்தில் குழந்தைக்குத் தாயின் சர்க்கரை நின்றுவிடுகிறது. அதன் கணையமோ பழைய வேகத்திலேயே ஓடுகிறது. அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கு முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை தாழ்கிறதா என்று பார்க்கிறார்கள். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் தாயின் கதவுகள் மளமளவென்று திறந்துகொள்கின்றன. என் தங்கைக்கு இரண்டாம் நாளே சர்க்கரை பழைய அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் அந்தக் கணையம் ஒரு முறை திணறிக் காட்டியிருக்கிறது. கர்ப்பத்தில் நீரிழிவு வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்குக் குறையாது. அதனால் ஆறாவது வாரத்தில் மறுபடி அதே பரிசோதனை. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளும் அதே ஆறாவது வாரம்தான். தங்கை அன்று குழந்தையைத் தோளில் சாய்த்தபடி, நர்சு கலக்கிக் கொடுத்த அதே டம்ளரை மறு கையில் வாங்கினாள்.